நாளைக்குக் கொடி உண்டா?

செப்டம்பர் 4, திங்கள்

வாயைத் திறக்கக் கூடாதாம். முகாமுக்குள் என்ன பார்த்தோம், யாரிடம் என்ன பேசினோம் என்று வெளியே ஒரு சொல் போகக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். இதைப் போய் என்னிடமா சொல்வது? எனக்கு ஒரு சங்கதியை வயிற்றுக்குள் வைத்திருந்தால் சோறு செரிக்காது. அதனால்தான் கூட்டுறவுச் சங்கத்தில் சும்மா கொடுத்த இந்த டைரியைத் தூசி தட்டி எடுத்தேன். இது என்னைவிட அழுத்தமானது, யாரிடமும் பேசாது.

வேலை நடிப்புதான். பட்டாளத்து முகாமில் உளவு பார்க்கவும் காவல் காக்கவும் பழக வரும் பையன்களுக்காக வேலிக்குள் ஒரு பொய்க் கிராமம் கட்டியிருக்கிறார்கள். பிளைவுட் வீடுகள், சாமி இல்லாத கோயில், தண்ணீர் வராத அடிபம்பு. அதில் ஊர்ச்சனமாக நடிக்க எங்கள் ஒட்டுக்கல்பட்டியிலிருந்தே ஆள் எடுத்திருக்கிறார்கள். நிஜ ஊரைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டு, பொய் ஊரில் போய் உட்காரக் கூலி கொடுக்கிறார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

மூக்கம்மா மதினிக்குப் பூசாரி பெண்டாட்டி வேஷம். எனக்கு டீக்கடை. ஊரிலும் எனக்கு டீக்கடைதான். 'டீக்கடை' என்று மட்டும் எழுத வந்த பெயிண்டரிடம், "என் பேரை எழுதலைன்னா நான் வரல, வேற ஆளைப் பாத்துக்க" என்றேன். 'பவுனம்மா டீ ஸ்டால்' என்று பச்சையில் எழுதிவிட்டான். புருஷன் போய்ப் பதினோரு வருஷமாக நான் நடத்தும் நிஜக் கடைக்கு இன்றுவரை போர்டு இல்லை.

செப்டம்பர் 6, புதன்

ஊரில் பாதிப் பேர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "தம்பி ஊருக்காகக் காட்டுல மேட்டுல கெடக்கான், அக்காக்காரி பட்டாளத்தானுக்கு டீ ஆத்துறா" என்று குழாயடியில் காது படவே பேசுகிறார்கள். பேசட்டும். நான் ஏன் போகிறேன் என்று எனக்குத் தெரியும். கூலிக்குத்தான்.

தம்பி வீரணன் விவகாரம் நாடறிந்தது. சுடுகிற மைதானத்தைப் பெரிதாக்க எங்கள் ஊரும் மேய்ச்சல் காடும் கண்மாயும் வேண்டுமாம். அளக்க வந்தவர்கள் ஊன்றிய கல்லையெல்லாம் இவன் ஆள் சேர்த்துப் பிடுங்கிப்போட்டான். கூட்டத்தில் எவனோ எறிந்த கல்லில் தாசில்தார் ஜீப் கண்ணாடி உடைந்தது. வழக்கு இவன் மேல். மதுரை வக்கீல் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அக்டோபர் பதினாறாம் தேதி தடை கேட்டு மனு கோர்ட்டுல வருது. அதுவரைக்கும் இவரு கையில சிக்கக் கூடாது, ஊர்ல ஒருத்தரும் சம்மதக் கையெழுத்துப் போடக் கூடாது." வீரணன் வெளியே இருக்கும்வரை யாரும் போடமாட்டார்கள். அவன் உள்ளே போனால் பயந்துகொண்டு வரிசையில் நிற்பார்கள். எங்கள் சனத்தின் தைரியம் எனக்குத் தெரியாதா?

அவன் எங்கே என்று போலீஸ் வந்து என்னைக் கேட்டது. தெரியாது என்றேன். இங்கேயும் அதையே எழுதுகிறேன். தெரியாது.

இன்று சுபேதார் எத்திராஜ் ஒவ்வொருவருக்கும் கதை பிரித்துக் கொடுத்தார். வேலூர்ப் பக்கத்து மனுஷன், மீசை நரைத்தும் குரல் நரைக்கவில்லை. என்னிடம் வந்து, "இன்னாம்மா, உன் கதை இதான். உன் சொந்தக்காரன் ஒருத்தன் தேடப்படுற ஆளு. அவன் எங்க இருக்கான்னு உனக்குத் தெரியும். பசங்க எப்டி எப்டியோ கேப்பானுங்க. நீ சொல்லவே கூடாது. புரிஞ்சுதா?" என்றார்.

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

போகும்போது, "நாளைக்குக் கொடி உண்டா சார்?" என்று கேட்டேன். இல்லை என்றார். சுடுகிற நாளில் முகாம் உச்சியில் சிவப்புக் கொடி ஏறும். ஏறினால், குண்டு விழும் கூகைமலைப் பக்கம் ஈ காக்காய் போகக் கூடாது. எல்லாப் பாதையிலும் காவல் நிற்கும். முன்பெல்லாம் முந்தின நாளே ஊருக்குள் தண்டோரா போட்டுச் சொல்வார்கள். நிலத் தகராறு வந்தபின் அதை நிறுத்திவிட்டார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் பாடு திண்டாட்டம். எனக்கென்ன, ஆடிப் பதினெட்டுக்கே கடைசிக் கிடாயையும் விற்றாயிற்று.

செப்டம்பர் 11, திங்கள்

நான்கு பையன்கள் மாறி மாறி என்னை உட்காரவைத்துக் கேட்டார்கள். ஒருவன் மேசையைத் தட்டினான். ஒருவன் அழுதுகாட்டினான். ஒருவன், "உங்க ஆளே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான்" என்று புளுகினான். "அப்ப அவன்கிட்டயே கேளுடா, எதுக்குடா என் அடுப்பை அணைய வைக்கிற?" என்றேன். வெளியே நின்ற எத்திராஜுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மூக்கம்மா மதினிதான் மானத்தை வாங்கிவிட்டாள். "ஒங்க பேரென்ன?" என்று கேட்டதற்கே, "அய்யா சாமி, அந்த ரேடியோப் பொட்டி எம் புருசனுது இல்லய்யா!" என்று காலில் விழுந்துவிட்டாள். அவள் கதையில் மறைக்க வேண்டிய அந்த ரேடியோப் பெட்டியைப் பற்றி அதுவரை யாருமே கேட்கவில்லை.

திரும்பி வந்து சோளக்கஞ்சி காய்ச்சினேன். மேலே நொண்டி ஆடு ஒன்று கிடக்கிறது. அதற்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, இருட்டும் முன்னே இறங்கிவிட்டேன்.

செப்டம்பர் 14, வியாழன்

கொடி. விடிந்ததிலிருந்து மலை அதிருகிறது. ஆட்டை நேற்றே அந்தண்டைச் சரிவுக்கு இறக்கிவிட்டது நல்லதாய்ப் போயிற்று.

செப்டம்பர் 20, புதன்

பூபதி என்று ஒரு பையன். கோயம்புத்தூர்ப் பக்கம். மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றிப் போகிறார்கள், இவன் எதுவுமே கேட்பதில்லை. வருவான், பெஞ்சில் உட்காருவான், "அக்கா, டீ ஒண்ணு போடுங்க" என்பான். குடித்துவிட்டுத் தம்ளரைத் தானே கழுவி வைப்பான். ஒரு நாள் விறகு பிளந்து கொடுத்தான்.

"ஏன்டா தம்பி, உனக்கு மார்க் வேணாமா? எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டியா?" என்றேன்.

"நீங்க சொல்லமாட்டீங்கன்னு தெரிஞ்சு போச்சுங்க்கா. அப்புறம் எதுக்குங்க வெட்டியா கேட்டுக்கிட்டு?" என்றான்.

பிழைக்கத் தெரியாத பிள்ளை. எங்கள் வீரணன் இந்த வயதில் இப்படித்தான் இருந்தான். அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. என் இடுப்பை விட்டு இறங்கமாட்டான். கல்யாணமாகி வந்தபோது அவனையும் இழுத்துக்கொண்டுதான் வந்தேன். சீதனம் குறைச்சல், தம்பி அதிகம் என்று மாமியார் சாகும்வரை சொல்லிக்காட்டினாள்.

இன்றைக்குப் பூபதிக்கு மட்டும் டீயில் இஞ்சி தட்டிப் போட்டேன்.

செப்டம்பர் 27, புதன்

எத்திராஜ் என்னைக் காட்டிப் பையன்களிடம் சொன்னார்: "பாத்தீங்களா? மூணு வாரமா ஒருத்தனாலயும் இந்த அம்மாகிட்டேர்ந்து ஒரு வார்த்த வாங்க முடில." எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஊரில் என்னை ஒருவன் பாராட்டி எத்தனை காலம் ஆயிற்று!

கடையைக் கட்டும்போது பூபதி வந்தான். வழக்கம்போல, "நாளைக்குக் கொடி உண்டா தம்பி?" என்று கேட்டேன். சுபேதாரிடம் தினமும் கேட்டால் கடுகடுக்கிறார், அதனால் இப்போதெல்லாம் இவனிடம்தான் கேட்கிறேன். ஒளிக்காமல் சொல்கிறான்.

"இல்லீங்க்கா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கு ஆடு இருக்குதுங்களா?" என்றான்.

"எனக்கேதுடா ஆடு? மூக்கம்மா மதினிக்குத்தான். அவ கேக்கச் சொன்னா" என்றேன்.

தலையாட்டிக்கொண்டு தம்ளரைக் கழுவப் போனான்.

செப்டம்பர் 28, வியாழன்

மூக்கம்மா மதினி சாவகாசமாகச் சொல்கிறாள்: "அந்தப் பூபதிப் பய நேத்து எங்கிட்ட வந்து, ஒங்க ஆட்டுக்காகத்தான பவுனக்கா கொடிய விசாரிக்கிறாகன்னு கேட்டான். ஆடா, நான் ஆடு வித்து அஞ்சு வருசமாச்சேப்பான்னேன். ஏன்டி, நெசமாவா கேட்ட?"

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஆடு இல்லை என்பதுதானே குறை? ஆடு வாங்கிவிட்டால் போயிற்று. வாடிப்பட்டிச் சந்தையில் ஒரு வெள்ளாட்டுக் குட்டியை வாங்கி வந்து, முகாம் வண்டி வரும் பாதையில் எல்லாரும் பார்க்கும்படி கட்டிவிட்டேன். யாரும் கேட்டால், மதினி பேரைச் சொன்னது விளையாட்டுக்கு, எனக்காகத்தான் கேட்டேன் என்பேன். பவுனம்மாவிடமா வேலையைக் காட்டுகிறார்கள்!

அக்டோபர் 3, செவ்வாய்

குட்டி ஓயாமல் கத்துகிறது. தாயைப் பிரித்து விற்றிருக்கிறான் பாவி.

பூபதி அதைத் தடவிக் கொடுத்து, "நல்ல குட்டிங்க்கா. எப்ப வாங்கினீங்க?" என்றான். "இது எப்பவும் நம்மகிட்ட கெடக்குறதுதான்" என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன். சந்தையில் போட்ட சிவப்புச் சாயக் குறி அதன் முதுகில் அப்படியே இருந்ததைச் சாயங்காலம்தான் கவனித்தேன்.

இன்னும் பதின்மூன்று நாள். பிறகு மனு வந்துவிடும்.

அக்டோபர் 5, வியாழன்

மதியம் பூபதி கடைக்கு வந்தான். நான் கேட்கவே இல்லை, அவனே சொன்னான். "அக்கா, நாளைக்குக் காலையில பெரிய சூடுங்க. புது பீரங்கி. இதுவரைக்கும் சுடாத அந்தண்டைச் சரிவுலயும் விழுமாமுங்க. ஆட்டை அந்தப் பக்கம் விட்டறாதீங்க."

அந்தண்டைச் சரிவு! கொடி நாளில் அவன் ஒதுங்குகிற இடமே அதுதானே!

ஆடு என்று எழுதுவதை விட்டேன். யாரை ஏமாற்ற? வீரணன் கூகைமலையில், கழுகுப் புடவில் இருக்கிறான். சுடுகிற மைதானத்துக்குள் எவனும் தேட வரமாட்டான் என்று அந்தக் குகையில் போய் உட்கார்ந்துகொண்டான், கிறுக்குப் பயல். அங்கிருந்து பார்த்தால் கொடி தெரியாது. கொடி ஏறியபின் வெளியே வர வழியும் கிடையாது. முந்தின நாளே தெரிந்தால்தான் உயிர். அதற்காகத்தான் நான் முகாமுக்குப் போனேன். கூலிக்கு இல்லை.

கஞ்சி காய்ச்ச நேரமில்லை. வெயில் தாழும் முன்னே ஏறி, அவனை இன்றைக்கே கண்மாய்ப் பக்கம் இறக்கிவிட வேண்டும். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

அக்டோபர் 6, வெள்ளி

கொடி ஏறவில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் நெஞ்சு வெடித்துவிடும்.

நான் போனபோது வீரணன் புடவு வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். தாடி மண்டி, எங்கள் அப்பாவைப் போலவே இருந்தான். மூச்சு வாங்கச் சொன்னேன், "எந்திரிடா, நாளைக்கு அந்தண்டைச் சரிவுலயும் குண்டு போடுறாங்களாம். இப்பவே எறங்கு."

"ஆரு சொன்னாக்கா?"

"டீ குடிக்க வர்ற பய. நல்ல பய, பொய் சொல்ல மாட்டான்."

"அவனா வந்து சொன்னானா, நீ கேட்டியா?"

"அவனாத்தான்டா சொன்னான்."

தம்பி முகம் செத்துப்போனது. "அவன் எதுக்குக்கா ஒங்கிட்ட வந்து சொல்றான்?" என்றான். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கீழே சரளைக்கல் உருண்டது. பூட்ஸ் சத்தம். ஓடுகிற பிள்ளைதான், ஓடியிருப்பான். என் கையைப் பிடித்திருந்தான், விடவில்லை. வழுக்குப் பாறையில் நான் விழுந்துவிடுவேனாம்!

பூபதி முன்னால் வந்தான். பின்னால் மூன்று பையன்கள், அவர்களுக்குப் பின்னால் போலீஸ். பூபதி என்னைப் பார்க்கவே இல்லை, பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "டேய், உனக்கு இஞ்சி தட்டிப் போட்டேனேடா!" என்று கத்தினேன். எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

ஊர் முகப்பில் ஜீப்பை நிறுத்தினார்கள். சனம் முழுக்கக் கூடிவிட்டது. என்னையும் ஏற்றுங்கள் என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். போலீஸ் இன்ஸ்பெக்டர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "இந்தம்மா முகாம் ஆளுப்பா. எறக்கி விடு."

அவ்வளவுதான். என்னைக் கொல்ல அது போதும். ஜீப் போனபிறகு சனம் கலைந்தது. மூக்கம்மா மதினி மட்டும் என் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனாள். ரேடியோப் பெட்டிக்கு அழுதவள்!

அக்டோபர் 12, வியாழன்

கையெழுத்துப் போடுகிறார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் பந்தல் போட்டு, மோர் கொடுத்து வாங்குகிறார்கள். மனு வர நாலு நாள் இருக்கிறது. "பொறுங்கய்யா, நாலே நாலு நாளு" என்று வரிசையில் ஒவ்வொருவராகக் கெஞ்சினேன். "தம்பிய வித்தவ எங்களுக்குப் புத்தி சொல்ல வந்துட்டா" என்றார்கள்.

என் கடையில் யாரும் டீ குடிப்பதில்லை. பால் திரிந்து போகிறது. குட்டிக்கு ஊற்றுகிறேன்.

அக்டோபர் 20, வெள்ளி

பதினாறாம் தேதி கோர்ட்டில், ஊரே சம்மதம் கொடுத்தபின் தடை எதற்கு என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

இன்று பயிற்சி முடிந்து விழா. கட்டாயம் வர வேண்டும் என்று வண்டி அனுப்பியிருந்தார்கள். போனேன். ஏன் போனாய் என்று கேட்டால், அந்தப் பயலின் முகத்தைப் பார்க்கத்தான். பூபதிக்குக் கோப்பை. எனக்கு ஒரு சால்வை, சிறந்த நடிப்புக்காம். கை தட்டினார்கள். எத்திராஜ் மட்டும் தட்டவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆரம்பத்திலேயே அந்தக் கதையை எனக்கென்று பார்த்துத்தான் கொடுத்தார்களா? கேட்டால் யார் சொல்லப் போகிறார்கள்?

பூபதி தேடிக்கொண்டு வந்தான். அந்தப் பொய் டீக்கடைக்கு முன்னால், என் பெயர் போட்ட போர்டுக்குக் கீழே நின்றோம்.

"அக்கா, எம்மேல கோவம்னா அடிச்சுப் போடுங்க."

"மார்க் எம்புட்டுடா?" என்றேன்.

அவன் கண் கலங்கியது. நிஜமோ, பயிற்சியோ, யார் கண்டது? "நீங்க ஒரு வார்த்தை உடலைங்க்கா. எத்தனை பேரு கேட்டும் உடலை. சுபேதார் மொத வகுப்புலயே சொல்லிட்டாருங்க, பதில்ல பொய் சொல்லலாம், கேள்வியில சொல்ல முடியாதுன்னு. நீங்க தெனமும் அந்த ஒரு கேள்வியைத்தானுங்க கேட்டீங்க. ஆடு இல்லாதவங்க எதுக்குக் கேக்கறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் நீங்க ஆடு வாங்கினீங்க பாருங்க, அப்பத்தான் உறுதியாச்சுங்க."

"நீ நல்லா இருப்படா" என்றேன். வாழ்த்து இல்லை அது. அவனுக்கும் புரிந்திருக்கும். சால்வையை அந்த அடுப்பிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 7, செவ்வாய்

ஊர் காலியாகிக்கொண்டிருக்கிறது. என் கடைக் கூரையை நேற்றுப் பிரித்தார்கள். முகாமில் அடுத்த கும்பல் வருகிறதாம், பவுனம்மா டீ ஸ்டாலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்துவிட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். பாடையில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

இன்று ஜெயிலில் மனுப் போட்டுத் தம்பியைப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வீரணன். மொட்டை அடித்திருக்கிறான். "சோறு எப்படிடா?" என்றுகூட நான் கேட்கவில்லை. அவன்தான் பேசினான்.

"ஊர்ல என்னென்னமோ சொல்றாகளாம். மூக்கம்மா மதினி மகன் வந்து சொன்னான். நான் செருப்பாலடிப்பேன்னு சொல்லிவிட்டேன். எங்கக்கா யாருகிட்டயும் ஒரு சொல்லு சொல்லியிருக்க மாட்டா. அப்படித்தானக்கா?"

"சொல்லலடா" என்றேன். "சத்தியமா ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொல்லல."

"எனக்குத் தெரியும்க்கா. நீ அழாத" என்றான். என்னைத் தேற்றுகிறான், உள்ளே இருந்துகொண்டு.

வெளியே வந்தபோது வாசலில் காவலர் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்து மனுப் போட்டுப் பார்க்க எந்தக் கிழமை வரலாம், என்ன கொண்டுவர விடுவார்கள் என்று எல்லாரும் அவரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. "என்னம்மா, என்ன வேணும்?" என்றார். வாய் திறந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வந்து பஸ் ஏறிவிட்டேன்.